பேய் தேடும் இரவும் பெயர் தேடும் வரலாறும்

தோற்றுவாய்

இருளும் பழைய சுவரும் ஒன்றுசேருமிடத்து மனிதனின் கற்பனை விழித்துக்கொள்கிறது. பகலில் வெறுங் கற்குவியலாகத் தோன்றும் கோட்டை, இரவில் எவரோ உலவும் இடமாக மாறிவிடுகிறது. இவ்வச்சம் எல்லா நாட்டினருக்கும் பொதுவானது. எனினும், அவ்வச்சத்தையே நுழைவுச்சீட்டாக்கி விற்கும் வழக்கம் மேலைநாடுகளில் அண்மைக்காலத்தே பெருகியுள்ளது. இங்கிலாந்தின் வடபால் நோதம்பலண்ட் பகுதியில் உள்ள சில்லிங்கம் கோட்டை, 1344ஆம் ஆண்டில் அரண் அமைக்க அரச அனுமதி பெற்ற தொன்மையுடையது. இன்று அக்கோட்டை, பேய் தேட விரும்புவோருக்கு இரவு நேரங்களில் கதவு திறக்கிறது. இத்தகைய இடங்களில் கட்டணஞ் செலுத்தியோர் சிறு குழுக்களாகப் பிரிந்து, மின்காந்தப் புலமளக்கும் கருவியும் அகச்சிவப்பு ஒளிப்படக் கருவியும் ஒலிப்பதிவுக் கருவியுமாக நிலவறைகளிலே அமர்ந்து, ஒரு தட்டொலிக்காகவோ குளிர்ந்த காற்றுக்காகவோ காத்திருக்கின்றனர். புலம்பெயர்ந்து அந்நாடுகளில் வாழும் நம்மவரின் பிள்ளைகளும் நண்பருடன் கூடி இவ்விரவுகளிற் பங்குபற்றுகின்றனர். அங்கு எடுத்த படங்களை விடுமுறைக்கு இங்கு வரும்போது நமக்குக் காட்டுகின்றனர்.

இதனை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடலாம். ஆயின், வரலாறு பயிலும் மாணவர்க்கு இதிலே ஒரு வினா உண்டு. பேய் உண்டா, இல்லையா என்பது அவ்வினா அன்று. ஓரிடத்தில் பேய் இருப்பதாக மக்கள் ஏன் சொல்லத் தொடங்கினர்? யாருடைய பேய் என்று சொன்னார்கள்? எவருடைய கணக்கு அவ்விடத்தே தீர்க்கப்படாமல் நின்றது? இவையே நாம் கேட்கத்தக்கவை. இவ்வினாக்களோடு கோட்டைகளை நோக்கிவிட்டு, நாம் வாழும் காலி வீதிக்கரைக்குத் திரும்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் பேயும் காவலும்

இரவு முழுதும் விழித்திருந்து பேயை எதிர்கொள்ளும் வழக்கம் நமக்குப் புதியதன்று. தொல்காப்பியம் காஞ்சித்திணையின் துறைகளைக் கூறுமிடத்து இரண்டு துறைகளை வைக்கிறது. போரிற் புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காப்பதற்குச் சுற்றத்தார் எவருமில்லாதபோது பேயே அவனைக் காத்து நிற்பது ஒரு துறை. புண்பட்ட கணவனைப் பேய் தீண்டாதவாறு மனைவி காப்பது தொடாக்காஞ்சி என்னும் மற்றொரு துறை. புறநானூற்றில் அரிசில் கிழார் பாடியதொரு பாட்டு இக்காவலின் காட்சியை விரிக்கிறது: மனையில் வேம்பு செருகி, வெண்சிறுகடுகு தூவி, யாழும் குழலும் மணியும் ஒலிக்க, நறும்புகை எழுப்பி, புண்பட்டவனைக் காக்கப் பெண்கள் ஒருவரையொருவர் அழைக்கின்றனர்.

இவ்விரு துறைகளிலும் நாம் உய்த்துணர வேண்டியது ஒன்றுண்டு. இங்கு விழித்திருத்தல் வேடிக்கைக்காக நிகழவில்லை. ஒருவன் தனியே கிடந்து மாளாதிருக்கும்பொருட்டு நிகழ்ந்தது. சுற்றத்தார் இல்லாதவிடத்துப் பேயாவது காக்கட்டும் என்று புலநெறி வழக்கம் வகுத்திருப்பது, கைவிடப்படுதலையே மிகப் பெரிய துயராக நம் முன்னோர் கருதினர் என்பதற்குச் சான்றாகும்.

பிற்காலத்துப் பழையனூர் நீலி கதை இதற்கு வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. கணவனாற் கொலையுண்ட பெண் பேயாகித் தொடர்ந்து வருகிறாள். அவனது அச்சத்தைப் பொருட்படுத்தாது அவளோடு அவனைச் சேர்த்துவைத்து, அவனுயிர்க்குத் தம்முயிரைப் பிணையாக வைத்த வேளாளர் எழுபதின்மர், அவன் இறந்தபின் சொற் காத்துத் தீப்பாய்கின்றனர். இக்கதையில் பேய் என்பது தீர்க்கப்படாத வழக்கின் உருவம். ஊர்மன்றில் நீதி கிடையாதவள் இறந்த பின்னும் வழக்காட வருகிறாள். தென்தமிழ்நாட்டில் கொலையுண்டோரைத் தெய்வமாக்கி ஆண்டுதோறும் கொடை நிகழ்த்தும் வழக்கமும் இவ்வுணர்விலேயே வேர்கொண்டது எனலாம்.

கொக் லேன் முதல் எடின்பரோ வரை

மேலைநாட்டில், குழுவாகச் சென்று இரவிற் பேயை ஆராய்ந்த நிகழ்ச்சிகளுள் புகழ்பெற்றது 1762ஆம் ஆண்டு இலண்டனில் நடந்தது. கொக் லேன் என்னும் சிறு தெருவில், தேவாலய எழுத்தரான ரிச்சர்ட் பார்சன்ஸ் என்பாரின் வீட்டில் தட்டொலிகள் கேட்டன. அவருடைய இளவயது மகளைச் சுற்றியே அவ்வொலிகள் எழுந்தன. முன்பு அவ்வீட்டிற் குடியிருந்து, பின் இறந்த ஃபானி என்ற பெண்ணின் ஆவியே தட்டுகிறது என்றும், அவளோடு வாழ்ந்த வில்லியம் கென்ற் அவளை நஞ்சூட்டிக் கொன்றார் என்று அது கூறுகிறது என்றும் ஊர் நம்பியது. அறிஞர் சாமுவேல் ஜோன்சன் உள்ளிட்ட குழுவொன்று பெப்ரவரி முதலாந் திகதி இரவு ஆராய்ச்சி நடத்தியது. கிளாக்கன்வெல் தேவாலயத்தின் நிலவறையில் ஃபானியின் சவப்பெட்டிக்கு அருகே தட்டிக்காட்டுவதாக ஆவி வாக்களித்திருந்தது. குழுவினர் நள்ளிரவுக்குப் பின் அங்கு இறங்கினர். ஓசை எதுவும் எழவில்லை. பின்னர், அச்சிறுமி மரத்துண்டு ஒன்றை மறைத்து வைத்திருந்து ஒலியெழுப்பியமை வெளிப்பட்டது. பார்சன்ஸ் தண்டனை பெற்றார்.

பேய் பொய்யாயிற்று, ஆனால் அதன் வேர் மெய்யானது. பார்சன்ஸ் கென்றிடம் கடன் பெற்றிருந்தார். அதனை மீளப் பெறக் கென்ற் வழக்குத் தொடுத்திருந்தார். ஃபானியோ, கென்றின் இறந்துபோன மனைவியின் சகோதரி. அக்காலச் சட்டம் அவர்கள் மணஞ்செய்ய இடந்தரவில்லை. ஆகவே கடனும் பகையும், சட்டத்தின் கண்ணில் மனைவியாகாத ஒரு பெண்ணின் நிலையும் சேர்ந்தே அப்பேயைப் படைத்தன. பேய்க்கதையை விலக்கிப் பார்க்கும்போது பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டன் நகரின் சமூக வரலாறு நம் கைக்குக் கிடைக்கிறது.

1882இல் ஆவியுலக ஆராய்ச்சிக் கழகம் இலண்டனில் நிறுவப்பட்டபின் இம்முயற்சி ஒழுங்கமைப்புப் பெற்றது. ஹரி பிரைஸ் என்பார் 1936இல் கென்ற் மாநிலத்து வீடொன்றிலிருந்து பேய் தேடும் நிகழ்ச்சியை வானொலியில் நேரடியாக ஒலிபரப்பினார். அடுத்த ஆண்டு எசெக்ஸ் பகுதியிலுள்ள போர்லி பாதிரியார் மனையை ஓராண்டு குத்தகைக்கு எடுத்து, ‘தி ரைம்ஸ்’ பத்திரிகையில் விளம்பரஞ் செய்து பார்வையாளர்களைச் சேர்த்தார். 48 பேர் இணைந்தனர். அவர்களுட் பலர் மாணவர். எதனை நோக்குவது, எவ்வாறு குறிப்பது என அறிவுறுத்தும் கையேடும் அவர்களுக்கு வழங்கப்பட்டது. இன்றைய கோட்டை இரவுகளின் முன்மாதிரி இதுவே. அம்மனையில் உலவுவதாகச் சொல்லப்பட்ட கன்னித்துறவியின் கதைக்கு அடிப்படையான துறவிமடம் அவ்விடத்தில் இருந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை. பிரைஸின் ஆய்வு முறையையும் அதே கழகத்தைச் சேர்ந்த மூவர் 1956இல் வெளியிட்ட அறிக்கை கடுமையாகக் கண்டித்தது.

இன்னும் அண்மைக்காலத்தில் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மனும் அவர்தம் குழுவினரும் ஹாம்ப்டன் கோட் அரண்மனையிலும், எடின்பரோ நகரின் தென்பாலத்து நிலவறைகளிலும் நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. பேய்க்குப் பெயர்போன பகுதிகளிலேயே மக்கள் விந்தை உணர்வுகளை மிகுதியாகத் தெரிவித்தனர்; அப்பகுதிகளின் கதையை முன்பு அறியாதாரும் அவ்வாறே தெரிவித்தனர். அறையின் அளவும் உயரமும் ஒளியும் போன்ற புறக்காரணிகளுக்கு மனித உள்ளம் விடையிறுப்பதே இதற்கு விளக்கம் என ஆய்வாளர் கருதினர். 1998இல் விக் ரண்டி என்னும் பொறியியலாளர், தம் ஆய்வுகூடத்திற் கண்ட சாம்பல்நிற உருவத்துக்கு, காற்றாடியொன்று எழுப்பிய, செவிக்கெட்டாத தாழொலி காரணமெனக் காட்டினார். எனினும் 2009இல் வெளிவந்த மற்றொரு பரிசோதனை, தாழொலியினும் மனத்தின் ஏற்புத்தன்மையே பெரிதென்ற கருத்துக்கு இடந்தந்தது.

இவ்வாறு, உணர்வு எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிவியல் படிப்படியாக விளக்கி வருகிறது. அவ்வுணர்வுக்கு எவருடைய பெயரைச் சூட்டுகிறோம் என்பதை விளக்கும் பொறுப்பு வரலாற்றுக்குரியது. ஹாம்ப்டன் கோட் அரண்மனையின் நடைகூடத்திற் கேட்பதாகச் சொல்லப்படும் அலறலுக்கு, 1542இல் தலை வெட்டுண்ட அரசி கதரின் ஹவார்டின் பெயர் கிடைத்தது. அரசி என்பதால் அவள் கைதானதும் விசாரணையும் ஆவணமாயின. 1788இல் கட்டி முடிக்கப்பட்ட எடின்பரோ பாலத்தின் அடியிலே, காற்றும் ஒளியும் புகாத அறைகளில் ஒண்டி வாழ்ந்த ஏழைகளுக்கோ பெயரில்லை. அங்கு உலவுவன பெயரற்ற பேய்கள். இறந்த பின்னும் வகுப்பு வேற்றுமை நீங்கவில்லை போலும்!

கல்கிசை மாளிகை

இனி நம் ஊருக்கு வருவோம். இரத்மலானையிலிருந்து காலி வீதி வழியே கொழும்பு நோக்கிச் செல்வார்க்கு முதலில் எதிர்ப்படுவது கல்கிசை. அங்கு கடலுக்குள் நீண்ட பாறைமேல் நிற்கும் மவுண்ட் லவினியா ஹோட்டல், ஒருகாலத்தில் பிரித்தானிய தேசாதிபதியின் மாளிகையாக இருந்தது. 1805 முதல் 1811 வரை இலங்கையை ஆண்ட சேர் தோமஸ் மெயிற்லண்ட் அங்கு முதலில் இல்லம் அமைத்தார். 1820களில் தேசாதிபதி எட்வேட் பார்ண்ஸ் அதனைப் பெரிதாகக் கட்டுவித்தார். 1842இல் அரசு அதனை விற்றது. புகையிரதப் பாதை அப்பகுதியை அடைந்த 1877ஆம் ஆண்டில் அது ஹோட்டலாயிற்று.

அம்மாளிகை பற்றிய கதையை நம்முட் பலர் அறிவர். மெயிற்லண்ட், லொவினா என்னும் ஆடல்மகளிடம் மனத்தைப் பறிகொடுத்தார். அவள் போர்த்துக்கேய, சிங்களக் கலப்பினள். அவள் வீட்டுக் கிணற்றிலிருந்து மாளிகையின் மதுக்களஞ்சிய அறைக்கு நிலத்தடியே சுரங்கம் அமைத்து இரவிற் சந்தித்தனர். 1811இல் அவர் நாடு திரும்ப, அவள் இங்கேயே கைவிடப்பட்டாள் என்பது கதை. மாளிகை, நள்ளிரவு, சுரங்கம், கைவிடப்பட்ட பெண் என்று மேலைநாட்டுக் கோட்டைக் கதைக்குரிய உறுப்புகள் அனைத்தும் இதில் உள. அவ்விடத்தின் பெயர் அவளாலேயே வந்தது என்பர். கடற்பறவையைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உளர்.

மெயிற்லண்ட் ஸ்கொத்லாந்தின் லோடர்டேல் பிரபுவின் மகன். அக்குடும்பத்தின் இருப்பிடம் தேர்ள்ஸ்டேன் கோட்டை. அங்கும், பதினேழாம் நூற்றாண்டில் அதிகாரத்தின் உச்சியில் இருந்த முன்னோர் ஒருவரின் ஆவி உலவுவதாகக் கதை உண்டு. அம்முன்னோரைப் பற்றிய கடிதங்களும் ஓவியங்களும் பல. மெயிற்லண்டுக்கும் குறைவில்லை: இலங்கையை விட்டபின் 1813இல் மால்டாவின் தேசாதிபதியானதும், 1824இல் மறைந்ததும் நாளும் பொழுதுமாகப் பதிவாகியுள்ளன. லொவினாவுக்கோ பிறந்த நாளும் இல்லை, இறந்த நாளும் இல்லை. அவள் கூற்றென்று ஒரு வரியும் நமக்கு எஞ்சவில்லை.

மெயிற்லண்டின் பெயர் தமிழர் வரலாற்றிலும் இடம்பெறுவதை ஈண்டு மறத்தலாகாது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமை, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியாற் பிரித்தானியர் ஆட்சியிற் சட்டவலுப் பெற்றது. அப்போது தேசாதிபதியாக இருந்தவர் இவரே. சீதனம், முதுசம், தேடியதேட்டம் எனப் பெண்ணின் உடைமை எதுவென வரையறுத்த சட்டத்துக்கு ஆவணம் உண்டு; அதே காலத்தில் அதே ஆட்சியாளர் அறிந்ததாகச் சொல்லப்படும் பெண்ணுக்கு ஆவணம் இல்லை. நம்மையும் நாம் விலக்கிக்கொள்ள முடியாது. அத்தேசவழமையிலேயே அடிமைகள் பற்றிய விதிகளும் உள. அங்கு மனிதர் பேசப்படுகின்றனர், உடைமையாக. அவர்தம் பெயர்களை எவரும் தொகுத்தாரில்லை. ஆவணம் எவரை விட்டதோ அவரைக் கதை பற்றிக்கொள்கிறது. கதையும் விட்டவர் முற்றாக மறைந்துபோகிறார்.

இரத்மலானையின் இரவுகள்

கோட்டையோ அரண்மனையோ இல்லாத இரத்மலானையில் ஒரு விமான நிலையம் உண்டு. 1935இல் முதல் விமானம் இறங்கிய அந்நிலையம், கட்டுநாயக்கா எழுச்சி பெறும்வரை இந்நாட்டின் வானவாயிலாக விளங்கியது. அதனைப் பற்றிப் பேசுவோர் விமானங்களைப் பற்றிப் பேசுவர். அங்கு கழிந்த இரவுகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

1983ஆம் ஆண்டு ஜூலை 24ஆந் திகதி இரவு கொழும்பில் தொடங்கிய வன்செயல், அடுத்த நாட்களில் நகரெங்கும் பரவியது. வெள்ளவத்தை முதல் இரத்மலானை வரையிலான காலி வீதிக்கரையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர்தப்பியோர் பாடசாலைகளிலும் கோவில்களிலும் தஞ்சம் புகுந்தனர். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி ஒரு முகாமாயிற்று. இரத்மலானை விமான நிலையத்தின் கொட்டகை மற்றொன்று. விமானம் நிறுத்தும் சீமெந்துத் தரையில், தகரக் கூரையின்கீழ், ஆயிரக்கணக்கானோர் தங்கினர். பின்னர் அகதிகளுட் பலர் கப்பலேற்றப்பட்டுக் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். தலைமுறைகளாகக் கொழும்பில் வாழ்ந்து, வடக்கிலே வீடோ உறவோ இல்லாதாரும் அவர்களுள் இருந்தனர்.

என் இல்லத்திலும் அவ்விரவுகளைக் கண்ட மூத்தோர் ஒருவர் உளர். அவரிடம் கேட்டால் எரிந்த வீட்டைப் பற்றி அவர் முதலிற் சொல்வதில்லை. “கால் நீட்டிப் படுக்க இடமில்லை” என்பதையே சொல்வார். அதன்பின் அருகிலிருந்த குழந்தைக்குப் பால்மா கரைக்கச் சுடுநீர் தேடியதைச் சொல்வார். மேலும் வினவினால், “அதெல்லாம் இப்ப என்னத்துக்குப் பிள்ளை” என்று எழுந்துவிடுவார். அம்மௌனத்துக்கு முன் கருவிகள் எவையும் பயன்படா. பொறுமையுடன் மீண்டும் மீண்டும் அருகமர்தல் ஒன்றே வழி.

பதினைந்து ஆண்டுகளின் பின் அந்நிலையம் மற்றுமோர் இரவைக் கண்டது. 1998ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆந் திகதி பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட லயன் எயார் பயணிகள் விமானம் மன்னார்க் கடற்பரப்பில் மறைந்தது. அதில் இருந்தோர் 55 பேர். பயணிகள் 48 பேரும் தமிழர். தரைவழி மூடப்பட்டிருந்த அக்காலத்தில், மருத்துவத்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் உறவினரைக் காண்பதற்கும் யாழ்ப்பாணத்தார் கொழும்பை அடைய வானையும் கடலையுமே நம்பியிருந்தனர். விமானம் விடுதலைப் புலிகளால் வீழ்த்தப்பட்டது என்பதே விசாரணையாளர் கண்ட முடிவு. கடலடியில் அதன் சிதைவுகள் கண்டறியப்பட்டது 2012இலேயே ஆகும். மீட்கப்பட்ட உடைகள் பின்னர் யாழ்ப்பாணத்தில் உறவினர் அடையாளங் காணும்பொருட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன. பதினைந்து ஆண்டு உப்புநீரில் ஊறிய துணியை நோக்கி, இது என் மகளுடையதா என்று ஆராய நின்ற தாயரின் காத்திருப்புக்கு எந்தக் கோட்டையின் இரவு ஈடாகும்? அன்று வீழ்த்தியவர் ஒரு தரப்பினர், 1983இல் எரித்தவர் வேறொரு தரப்பினர். இழந்தவர்க்கு இவ்வேறுபாடு ஆறுதல் தரவில்லை. வரலாறு எழுதுவோன் இரண்டையும் ஒரே நேர்மையோடு எழுதக் கடமைப்பட்டவன்.

முடிவுரை

சில்லிங்கம் கோட்டைக்குச் செல்வோரை நான் பழிக்கவில்லை. ஒரு பழைய சுவரின் அருகே விளக்கணைத்து அமர்ந்து, முன்பு இங்கு யார் இருந்தார் என்று எண்ணுவது நல்ல தொடக்கமே. ஆயின் அவ்வெண்ணம் விடியலோடு கலைந்துவிடுமாயின் அதனாற் பயனில்லை. கொக் லேன் நிலவறையில் எழாத ஒலியைக் குறித்துவைத்தோர் ஒருவகையில் நமக்கு ஆசிரியராவர். கேட்டதை மட்டும் எழுதினர், கேளாததைக் கேட்டதாக எழுதவில்லை. அந்நேர்மையை நாம் கொள்ளவேண்டும். அதனோடு தொடாக்காஞ்சிப் பெண்ணின் விழிப்பையுங் கொள்ளவேண்டும்.

நம் கல்லூரிகளில் வரலாறு பயில்வோர் ஒவ்வொருவரும், தம் வீட்டிலோ அயலிலோ உள்ள முதியோர் ஒருவரிடமேனும் சென்று, எந்த ஆண்டு எந்த முகாமில் எத்தனை இரவு தங்கினர், அருகே இருந்தோர் யாவர், திரும்பி வாராதோர் யாவர் என்று கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். பெயர் சொல்ல அவர்கள் விரும்பாவிடின் அவ்விருப்பைப் போற்றுதலும் வேண்டும். 1983இல் இருபது வயதினராக இருந்தோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். சுவர்கள் இன்னும் நெடுங்காலம் நிற்கும், சொல்வோர் நில்லார். அவர்கள் சொல்லாமற் சென்ற பின், இரத்மலானைக் கொட்டகையின் தரையிலும் ஒருநாள் எவரேனும் கருவியோடு அமர்ந்து பெயரில்லாத பேய்களைத் தேடக்கூடும். அதற்கு முன் நாம் பெயர்களைத் தேடி எழுதிவிடுவோமாக.